போனைப் பறித்தால் பசி தீருமா?

பாரிஸில் உணவகத்து வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் ஒருவர் இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு அழைக்கிறார். புங்குடுதீவில் அப்போது, பாரிஸில் கோடையென்றால் பதினொன்றரை. குளிர்காலமென்றால் நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை. ரொறன்ரோவில் மகள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவுக்கு எடுத்தால் வேலணையில் இரவு ஒன்பதரை அல்லது பத்தரை. யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் எத்தனையோ வீடுகளின் இரவு வெளிநாட்டு மணிக்கூட்டின்படிதான் நடக்கிறது. அழைப்பு வருமென்று விழித்திருக்கும் தாய் அதுவரை முகநூலைப் பார்க்கிறார். பிறகு யூரியூப்பில் ஒரு நாடகம். பிறகு யாரோ ஒருவர் வீட்டுக் கலியாண வீடியோ. அழைப்பு வந்து, பேசி, வைத்த பிறகும் நித்திரை வராது. கை மறுபடி போனுக்குப் போகும். அடுத்த அறையில் உயர்தரம் படிக்கும் பேரனும் அதே நேரத்தில் இன்னொரு திரையோடு இருப்பான். "எந்தநேரமும் போனும் கையும்தான்" என்று விடிந்ததும் அவனுக்கு ஏச்சு விழும்.

இணைய அடிமைத்தனம் பற்றிப் பேச்செடுத்தாலே பட்டணத்துப் பிள்ளைகளும் வீடியோ கேமும்தான் நினைவுக்கு வருகின்றன. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, அனலைதீவு என்று கடலால் சூழப்பட்ட ஊர்களில் இதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே போனுக்குள் இருப்பது பெரும்பாலும் பிரிவு. அதனால் அங்கே இதற்குச் சொல்லும் வைத்தியமும் வேறாகத்தான் இருக்கமுடியும். போனைப் பறிப்பதைவிட, போனை எடுக்கச் சொல்லும் அந்த உள்நோவை ஒளிக்காமல் பார்த்து, அது இருக்கிறதென்று ஏற்றுக்கொள்ளப் பழகுவதே பயன் தரும். உளவியலில் கடந்த நாற்பது ஆண்டுகளாக வளர்ந்துவரும் ஒரு போக்கு இதைத்தான் சொல்கிறது. அது தீவகத்துக்கு எப்படிப் பொருந்தும் என்பதே இந்தக் கட்டுரை.

வீடுகளைப் பூட்டிப் போனவர்கள்

1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990, 1991இல் தீவுகள் இராணுவத்தின் பிடிக்குள் வந்தபோது ஆயிரக்கணக்கானோர் உடுத்த உடையோடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் ஓடினார்கள். அங்கிருந்து கொழும்பு, பிறகு பாரிஸ், லண்டன், ரொறன்ரோ, சுவிஸ். புங்குடுதீவில் இன்றும் கூரை இடிந்து, முற்றத்தில் பற்றை வளர்ந்து நிற்கும் வீடுகளை வீதிக்கு வீதி காணலாம். நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவு. இன்று அங்கே நாலாயிரம் பேரளவில்தான் வாழ்கிறார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு செய்தி வந்து சேர மாதக்கணக்காகும். செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் வரும் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளையின் குரலைக் கேட்க வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போய், தொலைத்தொடர்பு நிலையத்தில் காத்திருந்தவர்களும் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஒருவரின் கையில்தான் போன் வந்தது. பேரப்பிள்ளை முதன்முதலாக எழுந்து நடப்பதை ஆயிரக்கணக்கான மைல்களுக்கு இப்பாலிருந்து பார்க்க வைத்த பொருள் அது. அவரிடம் போய் "போனைத் தூக்கி எறியுங்கோ" என்று சொல்பவருக்கு அவருடைய வாழ்க்கையே தெரியாது என்றுதான் சொல்வேன்.

பிள்ளைகளின் கதையும் அப்படித்தான். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் வட்ஸ்அப்பில் வந்தது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நல்ல ஆசிரியரைத் தேடி நெடுந்தீவுப் பிள்ளை தினமும் படகேறி யாழ்ப்பாணம் போய்வர முடியாது. அந்த ரியூசனும் இன்று திரைக்குள்தான். கடலுக்குப் போகிற தகப்பன் காற்று எப்படியென்று பார்ப்பதும் அதில்தான். மதுவையோ சிகரெட்டையோ அடியோடு விட்டுவிடலாம். போனை அப்படி விட முடியாது. தினமும் தொடவேண்டிய ஒன்றிடமிருந்து தப்புவதென்றால் அதற்குத் தடையைவிட நுட்பமான வழி வேண்டும்.

தடுக்கத் தடுக்க

தடை எங்கெல்லாம் முயன்று பார்க்கப்பட்டது என்பதற்கு உலகத்தில் போதிய சான்று உண்டு. தென்கொரியா 2011இல் சட்டமே போட்டது: 16 வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை இணைய விளையாட்டில் நுழைய முடியாது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைப் போட்டு நுழைந்தார்கள். விளையாட்டும் கணினியிலிருந்து கைபேசிக்கு மாறிப் போனது. 2022 தொடக்கத்தில் அந்தச் சட்டம் கைவிடப்பட்டது. சீனாவில் இணையப் பழக்கத்தை மாற்றுவதாகச் சொல்லும் முகாம்கள் முளைத்தன. அவற்றுள் ஒன்றில் சிறுவர்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்ததை 2009இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சே நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் வேறொரு முகாமில் சேர்க்கப்பட்ட 15 வயதுச் சிறுவன் அடிபட்டு இறந்தான். நம் நாடான இலங்கையில் 2018, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. காரணங்கள் வேறு. ஆனால் நடந்தது எல்லோருக்கும் தெரியும்: தடையைத் தாண்டவைக்கும் விபிஎன் என்றால் என்னவென்றே அறியாதவர்களும் ஒரே நாளில் அதைப் பழகிக்கொண்டார்கள்.

வெளியிலிருந்து போடும் தடைக்கு மட்டும் இந்தக் கதி என்றில்லை. நமக்கு நாமே மனதுக்குள் போடும் தடையும் இப்படித்தான். 1987இல் அமெரிக்க உளவியலாளர் டானியல் வெக்னர் மாணவர்களை அழைத்து, ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு "இனி நினைக்கலாம்" என்றபோது, முதலிலேயே நினைக்க விடப்பட்டவர்களைவிட இவர்களே அதிகம் நினைத்தார்கள். "இனி போனைத் தொடமாட்டன்" என்று காலையில் சத்தியம் செய்தவர் மாலைக்குள் முன்னைவிட மோசமாக அதற்குள் விழுந்துகிடப்பது மனத்திடம் இல்லாததால் என்று எண்ணவேண்டாம். அடக்கப்பட்ட நினைவு அப்படித்தான் திரும்பி வரும்.

அதோடு, எதிரே நிற்பது வெறும் கருவியும் அல்ல. முடிவே இல்லாமல் கீழே கீழே இழுக்க வைக்கும் திரை 2006இல் உருவாக்கப்பட்டது. அதை வடிவமைத்த ஏசா ராஸ்கின் பின்னாளில் வெளிப்படையாகவே வருந்தினார். 2009இல் முகநூலில் விருப்பக்குறி வந்தது. 2014 நவம்பரில் வட்ஸ்அப்பில் இரண்டு நீலக்குறிகள் வந்தன: மகன் வாசித்துவிட்டான், ஆனால் பதில் இல்லை என்பதைத் தாய்க்குக் காட்டிக்கொடுக்கும் குறிகள். எப்போது பதில் வரும், எப்போது வராது என்று தெரியாமல் இருப்பதுதான் மனித மனத்தை ஒரு பொருளோடு இறுகக் கட்டுவது. தாயின் காத்திருப்புக்கும் பேரனின் விளையாட்டுக்கும் இதில் வேறுபாடு இல்லை.

ஏற்றுக்கொள்வது என்றால்

ஸ்டீவன் ஹேய்ஸ் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியருக்கு 1978இல், தன் துறையினர் கூடியிருந்த ஒரு கூட்டத்தின் நடுவே, திடீரென்று நெஞ்சு படபடத்துப் பேச்சு நின்றுபோனது. அந்தப் பீதியை அடக்க அடக்க அது வளர்ந்தது. எதிர்ப்பதை நிறுத்தி, அதை இருக்கவிட்டுப் பார்க்கத் தொடங்கிய பிறகே அவர் மீண்டார். அவரும் கூட்டாளிகளும் வளர்த்தெடுத்த சிகிச்சை முறை 1999இல் நூலாக வந்தது. அதன் சாரம் இரண்டு வரிதான். வருகிற நினைவையும் உணர்வையும் விரட்டாமல் இடம் கொடு. கைகாலை உனக்கு எது பெரிதோ அதன் பக்கம் நடத்து. முதல் வரியை மட்டும் பிடித்துக்கொண்டால் அது சோர்வில் முடியும். இரண்டும் சேர்ந்தால்தான் மருந்து.

இதற்கு முன்பே, 1980களில், மதுப்பழக்கமும் புகைப்பழக்கமும் உள்ளவர்களோடு வேலை செய்த அலன் மார்லற், ஆசை என்பது அலை போன்றது என்று சொல்லிக் கொடுத்தார். அது எழும், உச்சிக்குப் போகும், தானாகவே இறங்கும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் படகில் போகிறவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. குறுக்கே வரும் அலையைப் படகோட்டி மோதி உடைப்பதில்லை. படகின் அணியத்தை அதற்குக் கொடுத்து, ஏறி, இறங்கித்தான் போகிறார்.

2009இல் மார்லற்றும் சாரா போவனும் புகைபிடிக்கும் 123 மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். இம்முறையைக் கற்றவர்களுக்கும் கல்லாதவர்களுக்கும் ஆசை வருவதில் வித்தியாசம் காணப்படவில்லை. ஆனால் அடுத்த ஏழு நாட்களில் கற்றவர்கள் குறைவாகப் புகைத்தார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த விடயத்தில் மிக முக்கியமான முடிவு இதுதான். ஆசை குறைந்தால்தான் பழக்கம் குறையும் என்று நாம் காத்திருக்கிறோம். ஆசை அப்படியே இருக்க, கை மட்டும் வேறு வேலைக்குப் போகமுடியும். இணையத்துக்கே நேராகப் பொருந்தும் ஆய்வும் உண்டு. 2010இல் யூற்றா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கல் ரூகிக், ஜெஸ் குறொஸ்பி இருவரும், இணையத்தில் ஆபாசப் படம் பார்ப்பதை நிறுத்த முடியாமல் தவித்த ஆறு ஆண்களுக்கு எட்டு அமர்வுகளில் ஹேய்ஸின் முறையைக் கற்பித்தார்கள். பார்க்கும் நேரம் 85 வீதம் குறைந்தது. மூன்று மாதம் கழித்தும் கிட்டத்தட்ட அவ்வாறே நின்றது. ஆறு பேர் என்பது சிறிய தொகை. இதை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் பலிக்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் தடையும் சத்தியமும் தராத ஒன்றை இது தருகிறது.

நடைமுறையில் இது எப்படியிருக்கும்? வேலணையிலோ கரம்பனிலோ ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். இரவு பத்து மணி. மகனுக்குப் போட்ட செய்தியில் இரண்டு நீலக்குறி விழுந்து ஒரு மணி நேரமாகிறது. பதில் இல்லை. கை போனுக்குப் போகிறது. அந்த இடத்தில் ஒரு கணம் நிற்கவேண்டும். எடுக்கக்கூடாது என்று தன்னைத் திட்டவேண்டாம். எடுக்கச் சொல்வது எது என்று உடம்பில் தேடவேண்டும். தொண்டையில் ஒரு அடைப்பு. நெஞ்சுக்குக் கீழே ஒரு இழுப்பு. விரல் நுனியில் ஒரு பரபரப்பு. "அவன் என்னை மறந்திட்டான்" என்று மனம் சொல்கிறது. அதை "அவன் மறந்திட்டான் என்ற நினைப்பு இப்ப எனக்கு வருது" என்று சொல்லிப் பார்க்கவேண்டும். முதலாவது தீர்ப்பு. இரண்டாவது வந்துபோகிற ஒரு செய்தி மட்டும். அந்த அடைப்பு அங்கேயே இருக்கட்டும் என்று மூச்சை அதன் பக்கம் விடவேண்டும். சில நிமிடம் அது கூடும், பயப்படவேண்டாம். பிறகு தளரும். தளராவிட்டாலும் பரவாயில்லை. அந்த நோவோடேயே எழும்பி, காலைக்கு உழுந்து ஊறப்போடலாம், பக்கத்து அறைக்குப் போய் "தம்பி, இன்னும் படுக்கேல்லையோ?" என்று கேட்கலாம். மகன்மீது உள்ள பாசம்தான் அந்த நோவு. பாசம் இல்லாத இடத்தில் நோகாது. அதை அழித்துவிட வேண்டுமென்று எந்தத் தாயும் கேட்கமாட்டாள்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு நாளையும் ஒரு நேரத்தையும் குறித்துக் கொடுங்கள், அதை மாற்றாதீர்கள். உங்கள் பெற்றோரின் இரவில் பாதி, நீங்கள் எப்போது எடுப்பீர்கள் என்று தெரியாததால் கழிகிறது.

நயினாதீவில் தெரிந்திருந்தது

இது மேற்கிலிருந்து வந்து இறங்கிய புதுமை என்று நினைக்கவேண்டாம். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் நோயாளரைப் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், பதற்றத்தாலும் உடல் வலியாலும் அவதிப்பட்டவர்களுக்கு அவரவர் மரபிலிருந்தே அமைதிப் பயிற்சிகளைக் கற்பித்தார். சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்கு இயேசுவின் திருநாமம் என்று அவரவர் சொல்லை மூச்சோடு சேர்த்து உருப்போட வைத்தார். நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் நயினாதீவு ஒன்றிலேயே நிற்க, பக்கத்துத் தீவுகளில் மாதா கோயில்கள் நிறைந்த மண்ணுக்கு இது இயல்பாகவே பொருந்தும். மனதை விரட்டாமல் ஒரு பக்கமாக நின்று பார்க்கும் பயிற்சி பௌத்தத்திலும் சைவத்திலும் பழையது. ஹேய்ஸும் மார்லற்றும் அதையொத்த பயிற்சியைப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்றொரு பெண் வருகிறாள். எவ்வளவு உண்டாலும் அடங்காத யானைத்தீ என்ற பசிநோய் பன்னிரண்டு ஆண்டு அவளை வாட்டுகிறது. மணிபல்லவத்தில் கிடைத்த அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட சோற்றில்தான் அந்தப் பசி தீர்கிறது. மணிபல்லவம் நயினாதீவே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அவளிடம் யாரும் "பசிக்காதே" என்று சொல்லவில்லை. பசி உண்மை என்று ஒப்புக்கொண்டு, நிறையக்கூடிய உணவைக் கொடுத்தார்கள். எத்தனை ரீல்ஸ் பார்த்தும் நிறையாத ஒருவருக்கும் அதே கேள்வியைத்தான் கேட்கவேண்டும்: உனக்கு உண்மையில் எதற்குப் பசி? ஆள்துணைக்கா? படிப்பில் பின்தங்கிவிட்டேனே என்ற பயத்திலிருந்து ஒதுங்கவா? ஊரில் தனக்கு ஒரு இடம் வேண்டும் என்பதற்கா? அதைக் கண்டால்தான் அதற்குரிய சோற்றை இடமுடியும்.

எதை ஏற்கக்கூடாது

இந்த மண்ணில் "ஏற்றுக்கொள்ளுங்கோ" என்ற சொல்லை மிகக் கவனமாகத்தான் எடுக்கவேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அவர்களிடம் அரசாங்கங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது நடந்ததை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்பதைத்தான். இந்தக் கட்டுரை சொல்லும் ஏற்பு அதுவல்ல. நெஞ்சில் வரும் வலியை ஏற்பது வேறு. வலியைத் தந்த அநீதியை ஏற்பது வேறு. படகு ஒழுங்காக ஓடாததை, தீவுக்கு வைத்தியர் வராததை, இழுவைப்படகு கடலடியை வாரிக்கொண்டு போவதை ஏற்கவேண்டிய கடமை எவருக்கும் இல்லை. வலியோடு இரவெல்லாம் மல்லுக்கட்டாதவருக்குத்தான் பகலில் இவற்றுக்காகக் குரல் கொடுக்கப் பலம் மிஞ்சும்.

இன்னொரு எல்லையும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் வீடியோ விளையாட்டு நோய் இடம்பெற்றுள்ளது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முதன்மையாவது, கெடுதல் நேர்ந்தும் விடாமை ஆகிய மூன்றும் பொதுவாக ஒரு வருடமளவு நீடித்தால் அது நோய். பெங்களூரில் உள்ள நிமான்ஸ் மனநல நிறுவனம் 2014இலேயே இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியது. பிள்ளை பாடசாலையை அடியோடு விட்டுவிட்டால், சாப்பாடும் நித்திரையும் குழம்பினால், உயிரை மாய்ப்பது பற்றிப் பேசினால், வீட்டுப் பயிற்சியோடு நிற்காதீர்கள். மனநல வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். போன் பழக்கத்துக்குப் பின்னால் மனச்சோர்வு மறைந்திருப்பது பல தடவை கண்ட சங்கதி.

பெற்றோருக்குச் சொல்லவேண்டியது அதிகம் இல்லை. பிள்ளையின் போனைப் பறிக்கக் கை நீளும்போது உங்கள் நெஞ்சில் ஒரு பயம் எழும்: இவன் கெட்டுப்போவான், சோதனையில் விழுந்துவிடுவான் என்று. முதலில் அந்தப் பயத்தை நீங்கள் ஏற்று, இரண்டு மூச்சு விட்டு, பிறகு பேசுங்கள். அடித்து வாங்கிய போன் அடுத்த வீட்டில் கிடைக்கும். "எனக்குப் பயமா இருக்கு தம்பி" என்று சொன்ன தகப்பனோடு பிள்ளை ஒருநாள் பேசுவான்.

கடைசியாக, செய்யக்கூடிய ஒரு காரியம். ஹேய்ஸின் ஏற்பு முறையை அடிப்படையாகக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் ஒரு பயிற்சியை உருவாக்கியது. உகண்டாவில் தஞ்சமடைந்த தென் சூடான் பெண்கள் 694 பேரிடம் அது சோதிக்கப்பட்டு, முடிவு 2020இல் வெளியானது. வாரம் ஒன்றாக ஐந்து அமர்வுகள். பதிவு செய்த குரலையும் ஒரு படப் புத்தகத்தையும் கொண்டு, இருபது முப்பது பேரை ஒன்றாக இருத்தி, குறுகிய பயிற்சி பெற்ற ஊரவர்களே நடத்தினார்கள். முதலில் நன்றாகத் தெரிந்த பயன் மூன்று மாதத்தில் கொஞ்சம் தேய்ந்தாலும், மனத்துயர் குறைந்தே நின்றது. உளவியலாளர் படகேறி வரும்வரை காத்திருக்காத முறை இது. இதை எங்கள் பேச்சுத் தமிழில் பதிவு செய்து, நெடுந்தீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் மாதர் சங்கங்களிலும் வாசிகசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் நடத்த, வடமாகாண சுகாதாரத் திணைக்களமும் தீவகக் கல்வி வலயமும் கைகொடுக்கவேண்டும். புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் கோயில் திருப்பணிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும். அதுவரை, இரவில் தாங்க முடியாமல் போகிறவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.